வாய் தைத்து வந்த பனியன்கள்

மண்ணரை, திருப்பூர்
3 பிப்ரவரி 2025

அன்பு மாப்ள ஆதிப்,

நேற்று மாலை நாலு இருபதுக்கு உன் செய்தி வந்தது. லிஸ்பனில் உனக்குக் கண்காட்சி! அமைச்சரைக் கார்ட்டூன் போட்டு, வழக்கு மேல் வழக்காகி, நீ ஊரை விட்டுப் போன பிறகு இதுதான் முதல். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் புத்தி, டெலிவரி தேதியைத்தான் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் என் தேஜஸ்ரீ காய்ச்சலில் போனதிலிருந்து எதுவும் உள்ளே இறங்குவதில்லை மாப்ள.

கண்காட்சிக்காக நீ வரைந்து அனுப்பிய நம் ஊர் முகங்களைப் பனியனில் பிரின்ட் போட்டு, நீ கேட்டபடியே வாய் இருக்கும் இடத்தை ஓட்டையாக வெட்டச் சொல்லிவிட்டேன். திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிடாதே. ஷிப்மென்ட் இருக்கிறது.

மகுடேஸ்வரன்

லிஸ்பன்
11 பிப்ரவரி

மகுடா,

கூப்பிடாதே என்றால் கூப்பிடுவேன் என்று தெரியாதா? உங்கள் பனியனை வாங்கும் ஐரோப்பியப் பையரைப் பார்க்க நீ எடுத்த விசா இன்னும் முடியவில்லை.

நான் இங்கே ஓட்டலில் தட்டுக் கழுவுகிறேன். மிஞ்சின சாஸில் அமைச்சர் மூக்கை வரைகிறேன் என்று முதலாளி திட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் தேஜஸ்ரீயை எடுத்தபோது என்னால் வர முடியவில்லை. கால் வைத்தால் ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். போனில் பேசினால் நீ "ம்" கொட்டுகிறாய், நான் மட்டும் அழுகிறேன். உன்னை நேரில் பார்க்கணும்டா. என்னால் வர முடியாது, உன்னால் முடியும்.

ஆதிப்

மண்ணரை
24 பிப்ரவரி

மாப்ள,

உன் கண்காட்சியைக் கெடுத்துவிட்டேன். பனியன் பெட்டி உனக்குக் கிளம்பிப் போன பிறகு, தைத்த துணியில் குறை தேடிச் செக்கிங் பார்க்கும் ரங்காத்தாள் அக்கா பெருமையாக வந்து நின்றார்.

"ஏனுங் சார், பனியன் பூராவும் ஓட்டைங்க! கட்டிங்காரன் குடிச்சுப்போட்டு வெட்டுனானா? ராமாயியும் நானும் ஒக்காந்து அடைச்சுட்டமுங்க."

"அடைச்சுட்டீங்களா?"

"பின்ன? ஓட்டையோட அனுப்புனா நம்ம மானம் என்னங் சார் ஆகறது? நூலுதான் பத்துலீங்க, கெடச்ச கலர்ல போட்டமுங்க."

கடைசிக் கையெழுத்து என்னுடையது. பிரித்துப் பார்க்காமலே போட்டிருக்கிறேன். மன்னித்துவிடு. தையலை வெட்டிவிட்டால் சரியாகிவிடும்.

மகுடேஸ்வரன்

லிஸ்பன்
4 மார்ச்

டேய் மகுடா,

கத்தரிக்கோலை எடுத்தேன், உண்மை. முதல் பனியனில் சிவப்பு நூலில் ஒரு வாய், கோணலாகச் சிரிக்கிறது. அடுத்தது மஞ்சளில் ஆவென்று கத்துகிறது. இன்னொன்று புறணி பேசுகிறது! நான் ஊமையாக அனுப்பச் சொன்ன ஊர், சளசளவென்று வந்து இறங்கியிருக்கிறது. எனக்காக யாரும் வாய் திறக்கவில்லை என்ற கோபத்தில் வாயில்லாத முகமாகவே வரைந்து தள்ளினேன். நம் ஊர்க்காரர்கள் அதை டேமேஜ் என்று சரி பண்ணிவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து சிரித்தேன், கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டும்வரை. அப்படியே தொங்கவிடப் போகிறேன்.

ஒன்றுக்கு மட்டும் வாய் இல்லை. உன் முகம். அதையும் வரைந்திருந்தேன், நீ கவனிக்கவே இல்லை. அதை என்ன செய்ய? வந்து சொல்.

ஆதிப்

கோயமுத்தூர், விமானத்துக்குள்
13 மார்ச்

அன்பு மாப்ள,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கையில் தருகிறேன்.

என் முகத்தை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று ரங்காத்தாள் அக்காவிடம் கேட்டேன்.

"சார் மூஞ்சில ஊசி குத்த ஆருக்குங்க மனசு வரும்? நீங்களே போயி தெச்சுக்கங்க."

ஊசியும் பச்சை நூலும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? டேமேஜ் துணியில் ஒட்டுகிற அம்பு ஸ்டிக்கரை என் சட்டையில் ஒட்டி, "இந்தப் பீஸ மெண்டிங் பண்ணித் திருப்பி அனுப்பச் சொல்லுங்க!" என்றார். செக்கிங் முழுக்கச் சிரிப்பு. கூடவே ஒரு புதுச் சிரிப்பும் கேட்டது. என்னுடையது.

ஷிப்மென்டை என்னோடு வேலை பார்க்கும் குணா பார்த்துக்கொள்கிறான். பையர் இப்போதும் போனில் கூப்பிடுகிறார். பக்கத்து சீட்டுக்காரர், "எடுங்க, அவசரமா இருக்கப் போகுது" என்கிறார். அவசரம்தான். நான் உன்னைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன்.

மகுடா