பதினோரு தாய்மார் சொன்ன பக்கம்

எத்தனையோ பேர் பெற்ற பிள்ளைகளைத் தூங்கவைத்த என் அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில், கீழ் லயத்து வீட்டு ராக்கம்மா உன் இடத்துக்கு வந்திருக்கிறாள். உன்னைவிட வேகமாகத் தொட்டில் ஆட்டுகிறாள், பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். இந்தச் சேதி மட்டும் என்றால் உன் குழிமேட்டுக்கு வந்தே சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டியது வேறு. நாலு பேர் படிக்கும்படி எழுதினால்தான் எனக்குப் புத்தி வரும்.

அந்த நாவல் நினைவிருக்கிறதா? உலகம் அழிகிற கதை. வெள்ளைக்கார நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறார்களாம், தமிழில் பெயர்த்திருந்தார்கள். அதன் பெயரை எழுதக்கூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஹட்டன் டவுனில் நான் சேர்ந்திருந்த வாசகர் சங்கத்திலிருந்து நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன். ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற எனக்குச் சங்கத்து உறுப்பினர் என்று ஒரு பெருமை.

சங்கத்துப் புத்தகங்களின் கடைசியில் வெள்ளைத் தாள்கள் தைத்திருக்கும். படித்தவர்கள் அதில் கருத்தெழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு அது காவியம். இன்னொருவருக்கு மனிதகுலத்தின் கண்ணீர். "மூன்று நாள் சோறு இறங்கவில்லை" என்று எழுதியிருந்தவர் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அவர் வயிற்றைப் பார்த்தால் ஒரு வேளைகூடத் தவறியதாகத் தெரியாது. இதை நான் சொன்னபோது நீ இருமல் வரும்வரை சிரித்தாய்.

காலையில் பால் கொடுக்கிற நேரம்தான் உன் வாசிப்பு நேரம். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஓடிவருகிற தாய்மார், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கதை கேட்பார்கள். கங்காணி சத்தம் போடும்வரை தினம் நாலைந்து பக்கம். வானத்திலிருந்து சாம்பல் கொட்டி ஊர் ஊராகச் சாகிறது என்று நீ வாசித்தபோது, "அன்னிக்கும் விடியக்காலம் வேலைக்கு பேரு பதிய பெரட்டுக்கு கூப்புடுவாங்களா அக்கா?" என்று அவர்களில் ஒருத்தியான மாரியாயி கேட்டாளாம். குடியுரிமையும் ஓட்டும் பறிபோய், எங்கே அனுப்பப்போகிறார்களோ என்று கிடக்கிற சனத்துக்கு உலகம் அழிவது அப்படியொன்றும் புதுச்சேதியாக இல்லை.

கடைக்கு லீவு போட்ட ஒரு நாள் நானும் வாசலில் நின்று கேட்டேன். கதாநாயகன் வண்டியில் தப்பிப்போகிறான். ஒரு வீட்டு வாசற்படியில், தாய் செத்துக் கிடக்க, பால்குடிப் பிள்ளையொன்று கையை நீட்டுகிறது. வண்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போகிறான். வண்டியில் என்ன இருந்தது? புத்தகப் பெட்டிகள். மனித அறிவைக் காப்பாற்றுகிறானாம்!

"தூ!" மாரியாயி எழுந்துவந்து வெளியே துப்பினாள். "ஒரு பொட்டிய எறக்கி வச்சிட்டு புள்ளைய தூக்க வேண்டியதுதானே? கை என்ன வெளங்காம போச்சா?"

"திரும்பி வருவான்டி, இருங்க பாப்போம்" என்றாய் நீ.

அவன் வரவில்லை. அவன் வருவான் என்று நீ கடைசிவரை வாசித்துப் பார்த்தாய். கடைசிப் பக்கத்தில் கடற்கரையில் தனியாக நின்று மனிதகுலத்துக்காக அழுதான். "யாருக்காவ அழுவுறான், நாடகக்காரப் பய" என்றுவிட்டு அவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று நீ பின்தாளில் எழுதினாய்: "அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வண்டி நகர்ந்த இடத்திலேயே உலகம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுதியதெல்லாம் வெட்டி. ஒரு பெட்டியை இறக்கினால் இடம் இருந்திருக்கும். இப்படிக்கு, பிள்ளைக்காம்பராவில் கேட்ட பதினோரு தாய்மாரும் வாசித்த நானும்." அவர்களுக்கு அதை இரண்டு மூன்று தடவை படித்துக் காட்டிய பிறகுதான் புத்தகத்தை என்னிடம் தந்தாய்.

"கூட்டத்துல வாசிப்பாங்களா தம்பி?" என்று கேட்டாய்.

வாசித்தார்கள் அக்கா. செயலாளர் எல்லாருடைய கருத்தையும் படித்துக்கொண்டே வந்தார். உன் பக்கத்தை வாசித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "பொம்பளைங்க பால் குடுக்குற எடத்துல வச்சி படிக்கிற புத்தகமா இது? யாருங்க எடுத்துட்டுப் போனது?" கூடம் சிரித்தது. அந்தத் தாளை மட்டும் கிழித்து, அதிலேயே விரலில் இருந்த, கூட்டத்தில் கொடுத்த வடையின் எண்ணெயைத் துடைத்துப் போட்டார்.

நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். என் கையிலும் ஒரு வடை இருந்தது. தின்றேன். அவர்கள் மேல் உள்ள அருவருப்பைவிட என் மேல் எனக்குள்ளதுதான் பெரிது.

வீட்டில் நீ மார்ச்சளியோடு படுத்திருந்தாய். "என்ன சொன்னாங்க?" என்றாய். "கை தட்டுனாங்க அக்கா" என்றேன். உன் முகம் எப்படி மலர்ந்தது! மாரியாயிக்கும் சொல்லி அனுப்பினாய். பத்தாம் நாள் போய்விட்டாய். நான் சொன்னது பொய்யென்று உனக்குத் தெரிந்திருந்ததா?

போன வாரம் தொட்டிலுக்குத் துணி வாங்க மாரியாயி கடைக்கு வந்தாள். "அன்னிக்கு கை தட்டுனாங்களே, அந்தத் தாள எங்களுக்கு ஒருக்கா காட்டுறியா தம்பி?" என்று கேட்டாள். என்னால் துணியை நேராகக் கிழிக்க முடியவில்லை.

மறுநாளே சங்கத்திலிருந்து புத்தகத்தை மறுபடி எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போய், எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. மாரியாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா எழுதுனது எங்களுக்கு மனப்பாடம். நாங்க சொல்றோம், நீ எழுது" என்றாள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். ஒரு சொல் குறையவில்லை. முடிவில் பதினோரு பேரும் பெருவிரலில் மை தொட்டு ஒற்றினார்கள்.

"பின்னால ஒட்டாத, மறுபடி கிழிச்சிடுவானுங்க" என்றதும் மாரியாயிதான். அதனால் வண்டி நகர்கிற பக்கத்தை அடுத்து வைத்து, தொட்டில் தைக்கிற நூலால் இறுக்கித் தைத்திருக்கிறேன். இனி அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் அந்த ஆள் கடற்கரைக்குப் போய் அழ முடியாது.

வரும் ஞாயிறு கூட்டம். எழுந்து நின்று நானே வாசிப்பேன். அங்கிருந்து நேரே உன் குழிமேட்டுக்கு வருவேன். சிரித்தால் சிரித்தார்கள் என்பேன். துரத்தினால் துரத்தினார்கள் என்பேன். கை தட்டாதபோது, கை தட்டினார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அன்று வடையைத் தின்றுவிட்டு வந்த
உன் தம்பி