ஓலையின் ஐந்தாம் வரி

வளம் குன்றாச் செந்நாவல் நாட்டின் அதிபர், மும்மலைக் காவலர், வடவெல்லைப் பாசறையில் வீற்றிருக்கும் விடங்கக் கோமான் திருமுன்னர், தலைநகரிலிருந்து ஓலைநாயகம் அம்பலக்கூத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடை நிழல் நீள்க. தங்கள் குதிரைகள் நோயின்றி வாழ்க.

இங்கு அனைவரும் நலம் என்று தொடர்வதே முறை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அதையே எழுதிக் கை ஓய்ந்த அம்பலக்கூத்தனுக்கு இன்று அதற்கு மனம் ஒப்பவில்லை.

விண்ணப்ப ஓலையில் நான்கு வரி குடிகளுக்கு, ஐந்தாம் வரி தாங்கள் எழுதும் ஆணைக்கு என்பது நம் மரபு. ஆயினும் வெளிவாயிலில் ஓலை வாங்குவோர் வரிகளை எண்ணுவதில்லை. முத்திரையறையினரோ ஐந்தாம் வரியை மட்டும் படித்து, அது தங்கள் சொல்லே என்று கொண்டு முத்திரை இட்டுவிடுவர். வாயிலிலேயே எண்ணி வாங்குமாறு அம்பலக்கூத்தன் மும்முறை முறையிட்டான். நம் குடிகள் அத்தகையோர் அல்லர் என்று அவையோர் சிரித்து அனுப்பினர்.

சென்ற திங்கள், லாயத்தில் புல்லறுக்கும் செங்கான் என்பான், தன் கூரை ஒழுகுவதாக நான்கு வரி எழுதி, இவனைக் கோட்டைத் தலைவனாக்குக என்று ஐந்தாம் வரியையும் தானே எழுதிக் கொடுத்தான். மறுநாள் கோட்டைச் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. அதுவரை கோட்டைத் தலைவராயிருந்த வேழநம்பி, இவ்வாணையை எழுதியவர் யார் என்று கேட்டதற்காகச் சிறைப்பட்டார். பிறகு, மறுநாள் காலை அவர் தலையைக் கொய்க என்றும் ஓர் ஐந்தாம் வரி முத்திரை பெற்று வந்தது. முத்திரை விழுந்தபின் தாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முத்திரையதிகாரி பூதனார் கைவிரித்துவிட்டார்.

பாசறைக்கு ஆறு நாள் வழி. வேழநம்பிக்கோ ஒரு நாளே இருந்தது. ஆதலால் அம்பலக்கூத்தன், தன் முதுகுவலிக்குத் தைலம் வேண்டி நான்கு வரி எழுதினான். வேழநம்பியை விடுவித்துப் பதவியில் அமர்த்துக, செங்கானைச் சிறையிலிடுக, இனி வரி எண்ணாமல் எவ்வோலையையும் வாங்கற்க என்று ஐந்தாம் வரியில் நெருக்கி எழுதினான். மாலைக்குள் முத்திரை விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

வேழநம்பி உயிரோடு இருக்கிறார். ஆயினும் தங்கள் சொல்லை அம்பலக்கூத்தன் தன் கையால் எழுதியது துரோகமே. செங்கான் செய்ததும் அதுவே. இருவருக்கும் ஒரே தண்டனையைத் தாங்களே எழுதி விடுக்குமாறு வேண்டுகிறான்.

தாங்கள் நெடுநாள் கண்ட இந்தக் கையெழுத்தே இவ்வோலைக்குச் சான்று. அரண்மனை முத்திரை இதற்கு இல்லை. கேட்டிருந்தால் இட்டுத் தந்திருப்பர். அதனாலேயே அவன் கேட்கவில்லை.