தேடாமல் எரித்த தர்ப்பை

இஞ்சாருங்கோ,

கடலிலை கிடக்கிற உங்களுக்கு, கரையிலை நிண்டு கூப்பிடுற மாதிரியே எழுதுறன். ஆண்டுத் திவசம் வருகுது. திவசத்துக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம், கல்வெட்டு, அடிக்க வேணும் எண்டு உங்கடை தமையன், பெரியத்தான், ஒற்றைக்காலிலை நிண்டார். சண்டையாலை வந்த தாள் தட்டுப்பாட்டிலை இப்ப எல்லா அச்சும் பள்ளிக்கூடக் கொப்பித்தாளிலைதான். ஆரோ ஒரு புலவரைப் பிடிச்சு நாலு வெண்பா போடுவம், "நிறைவாழ்வு வாழ்ந்து" எண்டு தொடங்குவம் எண்டார். ஆர் நிறைவாய் வாழ்ந்தது? வெண்பா வேண்டாம், அந்தப் பக்கத்தை என்னட்டைத் தாங்கோ எண்டு வாங்கிப்போட்டன். ஊர் வாசிக்கட்டும்.

நீங்கள் போன அண்டைக்கு தென்மேற்கிலையிருந்து நல்ல சோளகக் காத்து. மத்தியானம் வரவேண்டிய வள்ளம் பொழுதுபட்டும் வரேல்லை. உங்களோடை கடலுக்குப் போன பக்கத்து வீட்டுப் பெடியன் ராசுவின்ரை தாய், செல்லம்மாக்கா, கரையிலை நிண்டு குழறி அழுதா. வள்ளக்காரர் எல்லாரும் ஒரே கதைதான் கதைச்சினம். எஞ்சின் நிண்டிருக்கும், சோளகம் வள்ளத்தை வடகிழக்காலை இழுத்துக்கொண்டு போகும், விடிய வெளிக்கிட்டுப் பின்னாலை ஓடினால் பிடிக்கலாம் எண்டு.

பாத்தியளே? தேட ஆள் இருந்தது. எங்கை தேடுறது எண்டும் தெரிஞ்சிருந்தது. ஆனால் ஒருத்தரிட்டையும் அவ்வளவு தூரம் ஓட மண்ணெண்ணெய் இல்லை. மீன்பிடிக்க விட்ட எல்லையைத் தாண்டினால் நேவிக் கப்பலிலை நிக்கிறவங்கள் சுடுவாங்கள். தாண்டுறதெண்டால் அரசாங்கக் கந்தோரிலை அனுமதிப் பாஸ் எடுக்க வேணும்.

விடிஞ்சதும் விடியாததுமாய் நானும் செல்லம்மாக்காவும் பெரியத்தானும் கந்தோர் வாசலிலை நிண்டம். கிளாக்கர் "ஆளின்ரை பேர்?" எண்டார். கலியாணம் கட்டின நாளிலையிருந்து உங்கடை பேரை நான் வாயாலை சொன்னதில்லை, உங்களுக்குத் தெரியும். அண்டைக்குச் சொன்னன். "விளங்கேல்லை, பலத்துச் சொல்லுங்கோ" எண்டார். பலத்துச் சொன்னன். வெளியிலை நிண்ட சனமும் திரும்பிப் பாத்தது. அதுக்குப் பிறகு பேனையை மூடி வைச்சிட்டுச் சொல்லுறார், "தங்கச்சி, இஞ்சை மீன்பிடிக்கத்தான் பாஸ். ஆள் தேடுறதுக்குப் பாஸ் இல்லை."

"அப்ப மீன்பிடிக்கவெண்டே தாங்கோ ஐயா, அதிலை போய்த் தேடுறம்."

"பொய் சொல்லிப் பாஸ் எடுக்கிறது குற்றம் எல்லே."

எனக்கு விசர் வந்தது. கண்டறியாத சட்டம். பெரிய கந்தோருக்குப் போங்கோ எண்டார், போனம். அங்கை, கடலிலை நடக்கிறது தங்கடை விசயமில்லை, கொழும்புக்கு அறிவிக்க வேணும், ரெலிபோன் வேலை செய்யேல்லை எண்டினம். இன்னொரு இடத்திலை, கப்பல்காரருக்குத்தான் சொல்ல வேணும் எண்டினம். கப்பல்காரருக்கு ஆர் போய்ச் சொல்லுறது? நீந்திப் போய்ச் சொல்லுறதோ? நாங்கள் வாசல் வாசலாய் ஏறி இறங்கின நேரமெல்லாம் சோளகம் அடிச்சபடிதான். அதுக்கு ஒரு கந்தோரிலையும் பாஸ் தேவைப்படேல்லை.

நான் இப்ப கேக்கிறன், நீங்கள் இருந்தாலும் கேட்டிருப்பியள். நாலு பக்கமும் கடல் கிடக்கிற நாடு இது. மீனுக்கு ஒரு கந்தோர், பாசுக்கு ஒரு கந்தோர், சுடுறதுக்குக் கப்பல் கப்பலாய் நிக்குது. கடலிலை ஒரு மனிசன் காணாமல் போனால் ஓடிப்போய்ச் சொல்ல ஒரேயொரு கதவு ஏன் இல்லை? அந்தக் கதவுக்குள்ளை றேடியோவோடை ஒருத்தர் எந்த நேரமும் இருக்க வேணும். வேறை ஒண்டுக்கும் தொடாத எண்ணெயோடை ஒரு வள்ளம் நிக்க வேணும். எங்கடை ஆக்களைக் கூப்பிட்டு, காத்து எங்காலை இழுக்கும் எண்டு கேக்க வேணும். அக்கரைக்கும் தூரத்தாலை போற சரக்குக் கப்பலுகளுக்கும், இப்பிடி ரெண்டு பேர் மிதக்கினம், கண்டால் எடுங்கோ எண்டு ஒரு சொல்லுப் போக வேணும். ஆளைத் தேடிப் போற வள்ளத்துக்கு ஒருத்தரும் சுடக்கூடாது, இந்தப் பக்கமும் சுடக்கூடாது, அந்தப் பக்கமும் சுடக்கூடாது. இது என்ன, நான் சந்திரனைப் பிடிச்சுத் தா எண்டே கேக்கிறன்?

ஒரு கிழமைக்கு மேலை போச்சுது. பெரியவை கூடிக் கதைச்சினம். உடம்பு கிடைக்காட்டித் தர்ப்பைப் புல்லிலை ஆளைச் செய்து எரிக்கிறதுதானே எங்கடை வழக்கம். தேடாமல் எரிக்க விடமாட்டன் எண்டு நான் வாசல் படலைக்குக் குறுக்கை இருந்திட்டன். பெரியத்தான் அழுதழுது சொன்னவர், "பாக்கியம், அவன்ரை ஆத்துமாவை அந்தரிச்சு அலைய விடாதை பிள்ளை." எல்லாருமாய் என்னைத் தூக்கி உள்ளுக்கை கொண்டுபோய் விட்டினம். பெடியள் தர்ப்பை தேடி அச்சுவேலி, நீர்வேலி எண்டு சைக்கிள் ஓடினாங்கள். உங்களைத் தேட ஒரு வள்ளம் வெளிக்கிடேல்லை. புல்லுத் தேட நாலு சைக்கிள் வெளிக்கிட்டது.

உங்களுக்கு ஒரு பொம்மை, ராசுவுக்கு ஒரு பொம்மை. ரெண்டையும் ஒண்டாய் எரிச்சினம்.

பேந்து, சில மாதம் கழிச்சு, வாடைக்காத்து எழும்பி, மழை பிடிச்ச ஒரு பின்னேரம், ராசு படலையிலை வந்து நிண்டான். எலும்புந்தோலும்தான், ஆனால் அவன்தான். இந்தியா மீன்பிடிகாரர் கண்டு எடுத்திருக்கினம். அங்கை ஆஸ்பத்திரி, பிறகு முகாம், பிறகு ஆரையோ கெஞ்சி வள்ளமேறி வந்திருக்கிறான். செல்லம்மாக்கா மயங்கி விழுந்திட்டா. தன்ரை படத்துக்குப் போட்ட மாலையைத் தானே கழட்டிப்போட்டு, "ஏனணை அவ்வளவு அவசரம்?" எண்டு கேட்டவன்.

நான் உங்களைக் கேட்டன். அவன் நிலத்தைப் பாத்தபடி சொன்னான். போட்டிருந்த சேட்டைக் கழட்டிக் கொடி மாதிரித் துடுப்பிலை கட்டி வைச்சிருந்தியளாம். மழைத்தண்ணியிலை அவனுக்குத்தான் கூடக் குடுத்தியளாம். பறுவத்தண்டும், அந்த முழு நிலவிலையும், அவனோடை கதைச்சுக்கொண்டுதான் இருந்தியளாம். "அண்ணை அதுக்குப் பிறகுதானக்கா" எண்டான்.

உங்களைத் தர்ப்பையிலை எரிச்சது பறுவத்துக்கு முந்தி.

அந்தப் பறுவத்தண்டு ராசுவுக்கு என்ன சொன்னியள் எண்டும் கேட்டன். "கரைப் பக்கம் காதைக் குடுத்துக்கொண்டு இரு. எஞ்சின் சத்தம் கேக்கும். ஊர் கைவிட்டாலும் பாக்கியம் சும்மா இருக்கமாட்டாள்" எண்டியளாம். இதைக் கேட்டுப்போட்டு நான் எங்கை போய் முட்டுறது, சொல்லுங்கோ?

இப்ப இஞ்சத்தைப் புதினம் ஒண்டு. ராசு வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள்ளை ஒரு இரும்புப் பரல் வைச்சிருக்கிறம். ஒவ்வொரு வள்ளமும் கடலுக்குப் போகேக்கை ஒரு போத்தல் மண்ணெண்ணெய் அதுக்குள்ளை ஊத்த வேணும். குடும்பமே இருட்டிலை கிடந்தாலும் அதைத் தொடக்கூடாது. காவல் நான்தான், என்ரை வாய்க்குப் பயந்து ஒருத்தரும் கிட்ட வாறேல்லை.

போன மாதம் கிழக்குத் தெருச் சின்னத்தம்பியின்ரை வள்ளம் வரேல்லை. ராசுவும் வேறை ரெண்டு பேரும் பரலை ஏத்தி, வெள்ளை வேட்டியைத் தடியிலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டாங்கள். ஒரு கந்தோரிலையும் கேக்கேல்லை. கப்பல் கிட்ட வந்து பாத்திட்டு விலத்திப் போச்சுதாம், அண்டைக்கு அவங்களுக்கு என்ன மனமோ. அடுத்த நாள் சின்னத்தம்பியை உயிரோடை, வள்ளத்தையும் கட்டியிழுத்துக்கொண்டு வந்திட்டாங்கள். அவன்ரை மனுசி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோசமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு பரல் எண்ணெயும் ஒரு வேட்டியும். அவ்வளவு இல்லாமல்தான் உங்களைப் பறிகுடுத்தனான்.

எங்களைக் கெட்டிக்காரர் எண்டு ஆரும் புகழ வேண்டாம். இது எங்கடை வேலையில்லை. கப்பல் வைச்சிருக்கிறவைதான் செய்ய வேணும். அடுத்தமுறை வேட்டியைப் பாக்காமல் சுட்டால் என்ன செய்யிறது? பரல் எண்ணெயிலை ஓடுற தூரத்துக்கு அங்காலை ஒரு வள்ளம் இழுபட்டால் ஆர் போறது?

திவசத்துக்கு ஐயர் வருவார். பெரியத்தான் விரலிலை தர்ப்பை போட்டுக்கொண்டு இருப்பார். நான் வாய் திறந்து ஒண்டும் பறையமாட்டன், சமைச்சுப் படைப்பன். ஆனால் இந்தக் கரையிலை இனி ஒரு வள்ளம் வராமல் போனால், தேடிப் போனது திரும்பி வருமட்டும் ஒருத்தரையும் புல்லு அறுக்க விடமாட்டன். இந்தமுறை என்னைத் தூக்க ஏலாது, பக்கத்திலை செல்லம்மாக்காவும் இருப்பா, சின்னத்தம்பியின்ரை மனுசியும் இருப்பாள். நீங்கள் ராசுவுக்குச் சொன்னது பொய்யில்லை. நான் சும்மா இருக்கமாட்டன்.

இப்படிக்கு,
பறுவம் வரைக்கும் நீங்கள் வழி பாத்துக்கொண்டிருந்த
உங்கடை மனுசி,
பாக்கியம்