அடி விழுந்த இடம்

பனமலை
5.3.2025

என் இனியவனுக்கு,

நீ நலமா என்று நான் கேட்க வேண்டியதில்லை. என் உடம்பே சொல்லிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெல்டிங் பொறி உன் இடது மணிக்கட்டில் பட்டிருக்கிறது. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த எனக்கு அதே இடத்தில் கொப்புளம் எழும்பிவிட்டது. கையுறை போடு என்று எத்தனை தரம் சொல்வது?

அன்று சாயங்காலம் உன் உள்ளங்கைக்கு நீயே முத்தம் கொடுத்தாயே, அதுவும் வந்து சேர்ந்தது. எதிரில் அம்மா இருந்தாள். முகம் சிவந்து எழுந்து போய்விட்டேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒரே காலையில் பிறந்தோம். இருபத்திரண்டு வருஷம் யாருடையதென்று தெரியாத காயங்களைச் சுமந்தேன். பஸ் ஸ்டாண்டில் உன் புருவத்தில் என் தழும்பைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. எனக்கென்று பிறந்தவனை, சாதி வேறு, மதம் வேறு என்று விலக்குகிறார்கள். வல்லரசு அண்ணன் என் போனைப் பிடுங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பதிலை என் சிநேகிதி அருணாவிடம் கொடு; தினமும் திண்டிவனத்துக்குத்தான் வேலைக்கு வருகிறாள்.

உன்
கலைப்பிரியா

திண்டிவனம்
7.3.2025

அன்புக் கலைக்கு,

கையுறை வாங்கிவிட்டேன். திட்டாதே.

நேற்று உன் அண்ணன் பட்டறைக்கு வந்தார். "காலனிக்காரனுக்கு எங்கூட்டுப் பொண்ணு கேக்குதா? ஞாயித்துக்கெழம வந்து பேசிக்கிறேன்" என்று கம்பைத் தட்டிக் காட்டினார். அடிக்கு நான் பயப்படவில்லை. ஆனால் அது உன்மேலும் விழுமே! சனிக்கிழமை காலை பெருமுக்கல் மலையடியில் நிற்கிறேன். யாருக்கும் தெரியாமல் வந்துவிடு. சென்னைக்குப் போய்விடலாம்.

இனியவன்

பனமலை
10.3.2025

இனியவா,

சனிக்கிழமை உன்னைக் காக்க வைத்துவிட்டேன். கோபித்துக்கொள். ஆனால் நீ யாரையும் திருடவில்லை. நான் ஏன் திருட்டுப்போக வேண்டும்?

நேற்று பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நின்றேன். முதல் அடி தோளில் விழுந்தது. தட்டை விடவில்லை. இரண்டாவது முதுகில். மூன்றாவது முன்கையில், எல்லோரும் பார்க்கச் செந்தடிப்பாக எழும்பியது. மாப்பிள்ளையின் அம்மா அலறிவிட்டாள். நான் அழவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னேன்: "அப்பா, அண்ணன் திண்டிவனத்துல இனியவன அடிச்சிக்கினு இருக்கான். எனக்கு இங்க விழுது."

அப்பா என் கையைப் பிடித்துப் பார்க்கும்போதே இன்னொரு தடிப்பு எழுந்தது. போனை எடுத்துக் கத்தினார்: "டேய், கைய எட்றா! உன் தங்கச்சியத்தான்டா அடிச்சிக்கினு இருக்க!"

வந்தவர்கள் காபி குடிக்காமலே போய்விட்டார்கள். அப்பா, "அந்தக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேம்மா. ஆனா இந்த வூட்டுக் கை இனிமே அவன்மேல படாது" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவு. எனக்கு அது போதும்.

வரும் திங்கட்கிழமை பகலில், ஊர் நடுவே நடந்து பஸ் ஏறி வருகிறேன். பதிவு அலுவலகத்தில் நம் கல்யாண நோட்டீஸை முப்பது நாள் பலகையில் ஒட்டி வைப்பார்களாம். அதற்குப் பயந்தே பலர் ஓடிப்போகிறார்களாம். ஒட்டட்டும். உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை ஊரே படிக்கட்டும். அந்த முப்பது நாளும் இந்த வீட்டில்தான் இருப்பேன்.

தலைகுனியாத
கலைப்பிரியா

திண்டிவனம்
21.3.2025

என் கலைக்கு,

திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட்ட அழகை அம்மாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று நோட்டீஸைப் பார்க்கப் போனேன். பலகை முன்னால் உன் அண்ணன் நின்றிருந்தார். என்னைக் கண்டும் நகரவில்லை. நானும் விலகாமல் பக்கத்தில் போய் நின்றேன்.

நோட்டீஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார்.

"எனக்கா, அவளுக்கா?"

அப்போதுதான் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ரெண்டு பேருக்குந்தான்."

உன்
இனியவன்