காலுறைக்குள் போன மவுத்பீஸ்

மார்ச் 3

என்னங்க,

நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன். நீங்கள் நலமா என்று கேட்க இப்போது மனம் வரவில்லை.

நேற்று சாயங்காலம் என் பெரிய பித்தளைக் குழலை, அந்த டியூபாவைத் தூக்கி மடியில் வைத்தேன். ஊதுகிற மவுத்பீஸைக் காணோம். கட்டிலுக்கடியில், துணிக்கூடையில், எங்கும் தேடிவிட்டேன். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை வந்துபோனது நீங்கள் ஒருவர். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

தொண்ணூறு வயதுக் கருவி அது. வாத்தியக் கடைக்காரரிடம் கேட்டேன். "இப்ப வர்றது எதுவும் அதுல உக்காராதுக்கா" என்று கையை விரித்துவிட்டார். இருபத்திரண்டாம் தேதி எங்கள் பேருந்துப் பணிமனை பேண்டு முதல்முறையாக மேடை ஏறுகிறது. உங்களுக்குத் தெரியாததா?

எடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 8

அன்பு மகராசிக்கு,

துறைமுகத்தில் இந்த வாரம் மூச்சுவிட நேரமில்லை, அதனால்தான் தாமதம். ஆமாம், நான்தான் எடுத்துவந்தேன். காலுறைக்குள் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன மாதம் மேல்வீட்டுக்காரர் என்னைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "சார், உங்க வீட்டம்மா ஊதுனா எங்க அலமாரியில டம்ளர் நடக்குது" என்றார். நாலு பேருக்கு வேண்டிய மனிதர். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் நேரில் சொன்னால் நீ ஆடித் தீர்த்துவிடுவாய். எல்லாம் உன் நல்லதுக்கே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 12

என்னங்க,

டம்ளரை நடக்கவைத்தவள் நான். அதை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் இல்லையா? அல்லது உங்களுக்குத்தான் இல்லையா? நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, வீட்டுப் பெரியவரிடம் புகார் கொடுக்க?

பகல் முழுக்கப் பணிமனையில் டயர்களுக்குக் காற்றடிக்கிறேன். எட்டு மணி நேரமும் பம்பின் காற்று. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரைதான் என் சொந்தக் காற்று. அடிவயிற்றிலிருந்து எடுத்து அந்தக் கீழ்ச் சுரத்தை ஊதினால் முதலில் உள்ளங்கால் அதிரும், அப்புறம் நாற்காலி, அப்புறம் ஜன்னல். இவ்வளவு பெரிய சத்தம் என்னிடமிருந்தா வருகிறது என்று தினமும் சிரிப்பு வந்துவிடும். ஊதும்போது சிரித்தால் உதடு விலகிவிடும். தெரிந்தும் சிரிப்பேன். நாற்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் இது. அதைக் காலுறைக்குள் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். துவைத்த காலுறைதானா என்பதுகூடத் தெரியவில்லை!

உடனே அனுப்புங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 16

மகராசி,

பார்சலில் அனுப்பிவிட்டேன். துவைத்த காலுறைதான். ஒரே ஒரு வேண்டுகோள்: வாசிக்கும்போது குழலின் பெரிய வாய்க்குள் ஒரு தலையணையைத் திணித்துக்கொள். உனக்கும் ஆசை தீரும், அவருக்கும் நிம்மதி.

என்னை எதிரியாக நினைக்காதே. போன ஆகஸ்டில், நம் கல்யாண நாளன்று, பணிமனைக் கிடங்கிலிருந்து அதை இரண்டு பேர் தூக்கிவந்து இறக்கினார்களே, அன்றைக்கு "நீ வாசி, நான் இருக்கேன்" என்று சொன்னவன் நான்தானே?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 24

என்னங்க,

மவுத்பீஸ் வந்தது. தலையணை வைக்கவில்லை. மேடையில் முழு மூச்சில் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த அம்மாள் முடிந்ததும் வந்து தன் நெஞ்சைத் தொட்டு, "இங்க கேட்டுச்சும்மா" என்றார்.

நேற்று மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்காரும்மா" என்றார். "குடுங்க, பாக்கறேன்" என்றேன். பாவம், தயங்கித்தான் கொடுத்தார். 'என் மனைவி வீட்டில் இந்தக் கருவியை வாசிக்க மாட்டாள். நான் பொறுப்பு.' கீழே உங்கள் கையெழுத்து.

போன மாதம் எழுதியது என்று நினைத்தேன். தேதி ஆகஸ்ட் பதினான்கு. நம் கல்யாண நாள். "நான் இருக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே மாடியேறிப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஏழு மாதமாக, வரும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டீர்களே! கைகூடத் தட்டினீர்களே! மவுத்பீஸை எடுத்ததை மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை என்னால் மறக்க முடியவில்லை.

மேல்வீட்டுக்காரரும் நானும் பேசினோம். இனி ஆறிலிருந்து ஏழு வரை அவர் நடைப்பயிற்சிக்குப் போய்க்கொள்கிறாராம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இந்த மாதம் நீங்கள் வர வேண்டாம். எப்போது வரலாம் என்று நானே எழுதுகிறேன்.

இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததன் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். அவருக்கு இனி அது தேவையில்லையாம்.

பணிமனை டியூபாக்காரி