வோல்காவின் பின்சீட்டு

பிஷ்கெக்

என் கோபக்காரிக்கு,

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, நம் கல்யாண வோல்கா காரை உள்ளங்கை அளவில் செய்கிறேன். பின்சீட்டின் நிறம்தான் தெரியவில்லை. இருப்பதோ கறுப்பு வெள்ளைப் படம்.

அன்று ஓட்டிய உன் அண்ணன் ஜோல்டோஷைக் கேட்டேன். "சாம்பல் கலர்தான் மாப்ளே! நீ எங்க சீட்டைப் பாத்தே? வாயில ஈ போனதுகூடத் தெரியாம அவளையில்ல பாத்துக்கிட்டு வந்தே!" என்று தெருவே திரும்பச் சிரித்தார். எனக்கென்னவோ சிவப்பு என்றே ஞாபகம்.

முக்காட்டுக்குள் தலைகுனிந்து வழியெல்லாம் சீட்டையே பார்த்து வந்தவள் நீ. வேறு சாட்சி கிடையாது.

நீ கோபித்துக்கொண்டு ஓஷ் நகருக்கு, அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம். நீ சண்டை போட்ட, சாப்பாட்டு மேசையை அடைத்திருந்த பெயிண்ட் டப்பாக்களைப் பால்கனிக்குத் துரத்திவிட்டேன். ஆனாலும் நின்றுகொண்டேதான் ரொட்டி தின்கிறேன்.

நிறத்தை ஃபோனில் சொன்னால் எனக்குப் புரியாது. வந்து காட்டு. உன் பக்கத்துக் கதவை மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
அன்று சீட்டைப் பார்க்காதவன்