தண்ணீரில் குறையில்லை

மார்ச் 4

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்பினேன். அடுத்த வாரம் அவருடைய அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவருக்கு ஏற்றுகிறார்கள். தனியறை, கூட ஒருவருக்குத்தான் அனுமதி. தம்பியைத் தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டார். நான் வாதாடவில்லை.

கிளம்பும்போது அவர் பேசியது மருந்தைப் பற்றி அல்ல, மீன்தொட்டியைப் பற்றி. கடல்நீர், பவளப் பாறைகள், ஏழு பச்சை குரோமிஸ் மீன்கள். "ஏழு பேரும் கூட்டமா இருந்தாத்தான் பயமில்லாம சாப்பிடுவாங்க. ஒருத்தர் கொறஞ்சாலும் சொல்லு." மீனுக்கு எண்ணத் தெரியுமா என்று கேட்டேன். "உனக்குத் தெரியுமில்ல, போதும்."

மார்ச் 10

காலையில் ஆறுதான். ஏழாவது பாறையிடுக்கில் கிடந்தது.

இருபத்து நான்கு வருடமாகக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேறென்ன செய்வேன்? தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனேன். உப்பு, அம்மோனியா, நைட்ரேட் – எல்லாம் சரி.

மாலை போனில் அவர், "ஏழு பேரும் சாப்பிட்டாங்களா லேப் மேடம்?" ஆமாம் என்றேன். பரிசோதிக்காமல் நான் எதற்கும் ஆமாம் போட்டதில்லை.

மார்ச் 15

ஐந்து. செத்ததன் வால் கந்தலாகியிருந்தது. ஏதோ நோய் என்று நினைத்தேன். தண்ணீர் மறுபடியும் சரி.

அவருக்கு மஜ்ஜை ஏற்றி மூன்று நாள். வாய் முழுக்கப் புண். அப்படியும் மீனைத்தான் கேட்டார். அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 22

வண்ணமீன் கடையில் இரண்டு வாங்கினேன். கடைக்காரருக்கு அவர் பல வருடப் பழக்கம். "விடுறதுக்கு முன்னாடி சாரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவருக்குன்னு ஒரு வழி இருக்கு." கேட்டுவிட்டேன் என்றேன். பொய் கைவந்துவிட்டது.

ஏழு. கணக்கு சரி.

மார்ச் 23

இன்று விடுமுறை. தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், முதல் முறையாக. இத்தனை நாளும் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரியதை அவர் 'வார்டன்' என்பார். அது புதிய இரண்டையும் மூலைக்குத் துரத்தியது. எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிந்தாலும் அங்கே ஏற்கெனவே ஒன்று குடியிருந்தது. அதுவும் கொத்தியது. கூட்டம் கூட்டம் என்றாரே, இதுதானா கூட்டம்?

இருட்டுவதற்குள் புதியதில் ஒன்று போயிற்று.

மார்ச் 24

மற்றதும்.

மார்ச் 26

வார்டனை வலையில் பிடித்து வாளியில் விட்டேன், காற்றுக்குழாயோடு. தொலைந்தது சனி என்றிருந்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த பெரியது அதே பாறை மேல் நின்றுகொண்டு அதே வேலையைத் தொடங்கியது.

ஏப்ரல் 1

இன்னொன்றும் செத்தது. தொட்டியில் மூன்று, வாளியில் ஒன்று. போனில் ஏழு.

அவர் குரல் தேவலை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறுகிறதாம்.

ஏப்ரல் 8

மதியம் அக்கா அழைத்தார். மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறாராம். "உங்கிட்ட சொல்ல வேணாம்னான். என்னோடது அவன் உடம்புல பிடிக்கலையாம். ஒரு வாரமாவே தெரியும்." அழுதார். தன் மேல் குற்றம் போலப் பேசினார்.

மாலை அவர் கேட்குமுன் நானே சொன்னேன். "நாலுதான் இருக்கு." எல்லாவற்றையும் சொன்னேன், புதிதாக வாங்கி விட்டது வரை.

"கல்லை மாத்தி வெச்சியா?"

"எந்தக் கல்லை?"

"எல்லாத்தையும். புதுசு விடுறதுக்கு முன்னாடி பாறையெல்லாம் எடம் மாத்திடணும். அப்பத்தான் இது என் எடம்னு எவனும் நிக்க மாட்டான். கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே."

சொல்லியிருப்பார். எனக்குத்தான் வாயில் கொழுக்கட்டை.

"உங்களுக்கு ரத்த அணு எவ்வளவு ஏறிச்சு?" என்றேன்.

"ஏறல."

பிறகு, "அக்கா ரொம்பக் களைச்சுட்டா. நீ வர்றியா?" என்றார். இருபத்தொரு வருடத்தில் எதற்கும் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஏப்ரல் 9

முழங்கைவரை உப்புநீர். பாறைகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன். கடைசியில் வார்டனையும் விட்டேன். அது தன் பாறையைத் தேடி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. நான்கும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இரவு உணவு போட்டபோது நான்கும் சாப்பிட்டன.

இவ்வளவுதானா? இவ்வளவேதானா?

ஏப்ரல் 10

கடைக்காரர் வந்து நான்கையும் எடுத்துப் போனார். சார் வந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். சரி என்றேன்.

அலுவலகத்தில் விடுப்புப் படிவத்தை எழுத்தர் திருப்பி நீட்டினார். வேலைக்குத் திரும்பும் தேதியை நிரப்பவில்லையாம். வாங்கி, அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார். முத்திரை வைத்தார்.

நாளைக் காலை ஆறரை மணி ரயில்.